அப்பத்துக்குள் ஓர் அரசர்

நுழையும்முன்

பிரான்சு நாட்டில் அரசர் இல்லை. அங்கு நடப்பது குடியரசு ஆட்சி. ஆயினும் ஆண்டுதோறும் ஜனவரித் திங்கள் வந்துவிட்டால் அந்நாட்டில் வீட்டுக்கு வீடு ஓர் அரசர் முடிசூடுகிறார். அவர் ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கலாம். எண்பது வயதுப் பாட்டியாகவும் இருக்கலாம். அவரைத் தேர்ந்தெடுப்பது ஓர் அப்பம். அந்த அப்பத்தைப் பற்றியது இப்பாடம்.

*

கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்னும் இரு பெரு விழாக்களும் முடிந்தபின் பிரான்சு நாட்டு அடுமனைகளின் கண்ணாடிப் பேழைகளில் வட்ட வடிவமான, பொன்னிறமான ஓர் அப்பம் இடம்பிடிக்கிறது. அதனை வாங்குவோர்க்குப் பொன்னிறத் தாளால் செய்த ஒரு மணிமுடியையும் கடைக்காரர் சேர்த்தே தருவார். அப்பத்தின் பெயர் ‘கலெத் தெ ருவா’. தமிழில் சொன்னால் ‘அரசர்களின் அப்பம்’. ஜனவரி 6ஆம் நாள் இதற்குரிய நாள். ஆனால் அந்நாள் அங்கே பொது விடுமுறை அன்று. எனவே புத்தாண்டு நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில்தான் பெரும்பாலான குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. அத்துடன் ஓய்ந்துவிடுவதும் இல்லை. உறவினர் வீட்டில் ஒருநாள், நண்பர் வீட்டில் ஒருநாள், அலுவலகத்தில் ஒருநாள், பள்ளியில் ஒருநாள் என்று திங்கள் முழுவதும் இந்த அப்பம் வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

வெறும் இனிப்பாக இருந்தால் இத்தனை ஆரவாரம் இராது. அப்பத்துக்குள் ஒரு சிறு பொருள் மறைந்திருக்கிறது. அதற்கு ‘ஃபேவ்’ என்று பெயர். ஃபேவ் என்றால் அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு தடித்த கொட்டை. இன்று கொட்டைக்குப் பதிலாக விரல்நுனி அளவுள்ள பீங்கான் பொம்மை ஒன்றை வைக்கிறார்கள். பெயர் மட்டும் பழைய கொட்டையின் பெயராகவே நின்றுவிட்டது. யாருடைய துண்டில் அது அகப்படுகிறதோ அவரே அன்றைய அரசர் அல்லது அரசி.

பங்கிடும் முறை சுவையானது. வீட்டுப் பெரியவர் ஒருவர் கத்தியை எடுத்து அப்பத்தைத் துண்டுகளாக வெட்டுவார். குடும்பத்திலேயே இளைய பிள்ளை மேசைக்கு அடியில் சென்று அமர்ந்துகொள்ளும். பெரியவர் ஒரு துண்டின்மீது கையை வைத்து, “இது யாருக்கு?” என்று கேட்பார். “பாட்டிக்கு!” என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வரும். “அடுத்தது?” “மாமாவுக்கு!” இவ்வாறு ஒவ்வொரு துண்டும் உரியவரைச் சென்றடையும். தன் பெயரையும் மறவாமல் சொல்லிவிட்டு, பிள்ளை வெளியே வந்து தன் துண்டை ஆவலுடன் பிய்த்துப் பார்க்கும்.

பிள்ளை ஏன் மேசைக்கு அடியில் போகவேண்டும்? வெட்டுகிறவரின் கத்தி சில வேளைகளில் பீங்கானில் இடறும். அல்லது வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். பொம்மை எந்தத் துண்டில் உள்ளது என்பதை அவர் அறிந்துவிடக்கூடும். அறிந்தவரே பங்கிட்டால் தமக்கு வேண்டியவர்க்கு அதனைத் தள்ளிவிடலாம் அல்லவா? ஆகவே, துண்டுகளைக் காண்பவர் பெயரைச் சொல்வதில்லை. பெயரைச் சொல்பவர் துண்டுகளைக் காண்பதில்லை. கேள்வி கேட்பாரில்லாத ஒரு சிறு பிள்ளையை நடுவராக அமர்த்தி, வஞ்சனைக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள். நீதிமன்றங்கள்கூட இதைவிட எளிய ஏற்பாட்டைக் கண்டதில்லை எனலாம். சில வீடுகளில் அம்மாவின் கண் கூர்மையானது என்பதும், அழப்போகும் குழந்தையின் தட்டுக்குப் பொம்மை எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது என்பதும் வேறு கதை.

பொம்மை கிடைத்தவர் தாள்முடியைச் சூடிக்கொண்டு தமக்கு ஓர் அரசியையோ அரசரையோ தேர்ந்தெடுப்பார். முற்காலத்தில் அவர் கோப்பையை உயர்த்தும்போதெல்லாம் கூடியிருந்தோர் அனைவரும் “அரசர் அருந்துகிறார்!” என்று உரக்கக் கூவுவர். யாகோப் யோர்தான்ஸ் என்னும் 17ஆம் நூற்றாண்டு ஓவியர் இக்காட்சியைத் தம் ஓவியங்களில் தீட்டியுள்ளார். மணிமுடி சூடிய முதியவர் கோப்பையை ஏந்தியிருக்க, சுற்றிலும் வாய் திறந்து கூவும் கூட்டம். அவருள் அளவு மீறி அருந்திய சிலரின் நிலை பார்க்கத்தக்கதாக இல்லை. அரச பதவிக்கு ஒரு கடமையும் உண்டு. இம்முறை முடிசூடியவர் அடுத்த முறைக்கான அப்பத்தை வாங்கித் தரவேண்டும். செலவுக்கு அஞ்சிய கருமிகள் வாயில் அகப்பட்ட கொட்டையைச் சத்தமின்றி விழுங்கிவிடுவர் என்றும், பீங்கான் வந்தபின் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை என்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி, அப்பம் உருவாகும் விதத்தைப் பார்ப்போம். நம் நாட்டு அடுமனைகளில் விற்கும் ‘பஃப்ஸ்’ பலரும் உண்டதுதான். கடித்தவுடன் மெல்லிய ஏடுகளாக உதிரும் அதன் மேலோடும் இந்த அப்பத்தின் மேலோடும் ஒரே முறையில் செய்யப்படுபவை. மாவைப் பிசைந்து சதுரமாகத் தேய்த்து, அதன் நடுவே குளிர்ந்த வெண்ணெய்க் கட்டியை வைத்து, நான்கு பக்கமும் மடித்து மூடுகிறார்கள். பிறகு அதனை நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள். இப்போது வெண்ணெய் மூன்று அடுக்காகிவிட்டது. மீண்டும் தேய்த்து மூன்றாக மடித்தால் 9 அடுக்கு, அடுத்து 27, பிறகு 81, பிறகு 243, ஆறாவது மடிப்பில் 729. ஒரு விரற்கடை தடிப்புள்ள மாவுக்குள் எழுநூற்றுக்கும் மேற்பட்ட வெண்ணெய் ஏடுகள்! மடிப்புகளுக்கு இடையே மாவைக் குளிர்ந்த இடத்தில் ஓய்வெடுக்க விடவேண்டும். அவசரப்பட்டால் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும். அடுக்கு என்பதே இராது. பொறுமையில்லாதவர்க்கு இந்தத் தொழில் கைவராது.

அடுப்பின் வெப்பத்தில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகிறது. வெளியேற வழி தேடும் ஆவி ஒவ்வோர் ஏட்டையும் மேல்நோக்கித் தள்ளுகிறது. வெண்ணெயோ ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. தட்டையாக உள்ளே சென்ற மாவு உப்பி எழும்பி வெளியே வருவது இதனால்தான். அதில் சோடா உப்பும் இல்லை. புளிக்கவைக்கும் ஈஸ்டும் இல்லை.

அப்பத்துக்கு இரண்டு வட்ட மாவுத் தகடுகள் தேவை. கீழ்த்தகட்டின்மீது பாதாம் பருப்புப் பொடி, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவற்றைக் குழைத்த பூரணம் பரப்பப்படும். அதனோடு பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கூழையும் ஒரு பங்கு கலந்தால் அதற்குப் பெயர் ‘ஃபிராஞ்சிபான்’. ஃபிராஞ்சிபானி என்பது இத்தாலி நாட்டு உயர்குடி ஒன்றின் பெயர். கோயில் வளாகங்களில் மணம் பரப்பும் ஈழத்தலரி மலருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அக்குடும்பப் பெயரின் வழி வந்ததே என்பர். ஒரு குடிப்பெயர் ஒருபுறம் பூரணத்திலும் மறுபுறம் பூவிலும் போய் ஒட்டிக்கொண்டது!

பூரணத்தில் பொம்மையைப் பதிக்கும் இடத்தைப் பற்றி அடுமனைக்காரர்க்கு ஒரு கணக்கு உண்டு. நடுவில் வைக்கமாட்டார், ஓரத்தை ஒட்டியே வைப்பார். வட்டமான அப்பத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் வெட்டுகள் எல்லாம் நடுவில்தானே சந்திக்கும்? நடுவில் வைத்தால் முதல் வெட்டிலேயே பொம்மை வெளிப்பட்டுவிடும். அடுத்து, ஓரங்களை நீரால் நனைத்து மேல்தகட்டை மூடி அழுத்துவார். முட்டைக் கருவை மேலே பூசுவார். ஆனால் பக்கவாட்டில் வழிய விடமாட்டார். வழிந்தால் ஏடுகள் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் மட்டும் எழும்பாமல் அப்பம் கோணலாகிவிடும். கத்தி முனையால் சூரியக் கதிர் போலவோ கோதுமைக் கதிர் போலவோ கோடுகள் கீறி, நடுவே ஆவி போக ஒரு சிறு துளையிட்டு அடுப்பில் வைப்பார். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் அப்பம் பொன்னிறமாகிவிடும்.

நாடு முழுவதும் இதே அப்பம்தான் என்று எண்ணிவிடக்கூடாது. தெற்கே புரோவான்சுப் பகுதியில் ஏடுகளுள்ள அப்பத்தைவிட மென்மையான ரொட்டி வகையையே விரும்புவர். ஆரஞ்சுப்பூ நீரின் மணம் ஊட்டப்பட்டு, வளையமாகச் சுடப்பட்டு, சர்க்கரைப்பாகில் ஊறிய வண்ணப் பழத்துண்டுகள் பதிக்கப்பட்ட அந்த ரொட்டியைப் பார்த்தால் மணி பதித்த முடியைப் போலவே இருக்கும். எது உண்மையான அரசர் அப்பம் என்று வடக்கத்தியரும் தெற்கத்தியரும் வாதிடுவது உண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல், மெக்சிகோ, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு ஆகிய இடங்களிலும் இதன் உறவினர்கள் உள்ளனர்.

அப்பத்தின் பெயரில் உள்ள அரசர்கள் யார்? இயேசு பிறந்தபோது விண்மீன் ஒன்று வழிகாட்டக் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாக வைத்தனர் என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அவர்கள் மூவர் என்றோ அரசர்கள் என்றோ அந்நூலில் இல்லை. காணிக்கை மூன்றாக இருந்தமையால் வந்தவரும் மூவர் எனப் பிற்காலத்தார் கொண்டனர். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பெயரும் இட்டு, முடியும் சூட்டிவிட்டனர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கிறித்தவர்கள் இந்நாளைத் ‘திருக்காட்சிப் பெருவிழா’ எனவும், பேச்சு வழக்கில் ‘மூன்று ராசாக்கள் திருநாள்’ எனவும் அழைக்கின்றனர். பெயரளவில் பிரான்சு நாட்டாரின் வழக்கும் தமிழ் வழக்கும் ஒன்றே.

குலுக்கல் வழியே அரசரைத் தெரிவு செய்யும் விளையாட்டோ கிறித்தவத்தைவிடப் பழமையானது. பண்டைய உரோமானியர் டிசம்பர்த் திங்களில் ‘சாத்தர்னாலியா’ என்னும் விழாவைக் கொண்டாடினர். அந்நாள்களில் மேல் கீழ் என்னும் வேறுபாடு சற்றே தளர்ந்திருக்கும். அடிமைகளும் தலைவரோடு விருந்துண்பர். விருந்துக்கு ஒருவரைக் குலுக்கல் முறையில் அரசராக்குவர். அவர் இட்ட கட்டளையை அனைவரும் நிறைவேற்ற வேண்டும். வரலாற்றாசிரியர் தாசித்தசு இதனைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். இளம் பேரரசன் நீரோவும் அவனுடைய நண்பர்களும் இவ்விளையாட்டை ஆடினர். குலுக்கலில் நீரோவே அரசனானான். மற்றவர்களுக்கு எளிய கட்டளைகளை இட்ட அவன், முந்தைய பேரரசரின் சொந்த மகனான பிரிட்டானிக்கசை மட்டும் நடுவில் வந்து பாடுமாறு ஏவினான். கூச்ச இயல்புடைய சிறுவன் தடுமாறுவான், அனைவரும் நகைப்பர் என்பது அவன் எண்ணம். பிரிட்டானிக்கசோ கலங்காமல் எழுந்து, தந்தையின் அரியணையிலிருந்து தான் விலக்கப்பட்டதைக் குறிப்பால் உணர்த்தும் பாடலைப் பாடினான். நகைக்கவேண்டிய அவை இரங்கியது. அதன்பின் நெடுநாள் அச்சிறுவன் உயிரோடு இருக்க விடப்படவில்லை. விளையாட்டு அரசன் உண்மை அரசனாகவும் இருந்தால் விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. பிரான்சு நாட்டு மேசைகளில் முடி தாளால் ஆனதாகவும், ஆட்சி ஒரு மாலைப்பொழுதோடு முடிவதாகவும் இருப்பது நல்லதுதான்.

கொட்டையைத் திருவுளச் சீட்டாகப் பயன்படுத்தும் வழக்கம் கிரேக்கரிடமும் இருந்தது. ஏதென்சு நகரில் அரசு அலுவலர் பலரைக் கொட்டைகளைக் கொண்டே குலுக்கித் தேர்ந்தெடுத்தனர். இடைக்காலப் பிரான்சில் இந்தக் கொட்டை அப்பத்துக்குள் புகுந்துவிட்டது. அரண்மனையிலும் குடிசையிலும் ‘கொட்டை அரசர்’ முடிசூடினார். 1774ஆம் ஆண்டில் கிரூஸ் என்னும் ஓவியர் தீட்டிய ‘அரசர்களின் அப்பம்’ என்னும் ஓவியம் மோன்பெலியே நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இருப்பது அரண்மனை அன்று. பிள்ளைகள் சூழ்ந்த ஓர் எளிய உழவர் குடும்பம்.

அந்த ஓவியம் தீட்டப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793 ஜனவரி 21ஆம் நாள் பதினாறாம் லூயி மன்னர் தலை வெட்டப்பட்டார். அரசர் என்னும் சொல்லே ஆகாததாயிற்று. அப்பத்தை விட மனமில்லாதவர்கள் அதன் பெயரை ‘சமத்துவ அப்பம்’ என மாற்றி உண்டனர். மன்னராட்சி போயிற்று; மீண்டும் வந்தது; மறுபடியும் போயிற்று. அப்பம் போகவில்லை, பழைய பெயரும் திரும்பிவிட்டது. 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அரசும் சமயமும் தனித்தனி. எனினும் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இந்த அப்பத்தைப் பகிர்ந்து உண்கின்றனர். சமயச் சடங்காக அன்றி ஊர் வழக்கமாக அது நிலைபெற்றுவிட்டது.

குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகையில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜிஸ்கார் தெஸ்தேன் தலைவராக இருந்த 1975ஆம் ஆண்டு முதல், ஜனவரியில் அடுமனைக் கலைஞர்கள் மாளிகைக்கு ஒரு பேரப்பத்தைக் கொண்டுவருகிறார்கள். அதன் விட்டம் ஒரு மீட்டருக்கும் மேல். தலைவரே அதனை வெட்டுவார். அந்த அப்பத்துக்குள் பொம்மை வைப்பதில்லை. குடியரசின் மாளிகையில் அரசர் ஒருவர் முடிசூடுவது எப்படிப் பொருந்தும்?

பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து சிறு பீங்கான் குழந்தைகள் வந்து கொட்டையின் இடத்தைப் பிடித்தன. பின்னர்ப் பீங்கானுக்குப் பெயர்பெற்ற லிமோஜ் நகரிலும் அவை செய்யப்பட்டன. இன்று விலங்குகள், மரக்கலங்கள், கேலிச்சித்திர மாந்தர் என எல்லா வடிவங்களிலும் கிடைக்கின்றன. இவற்றைச் சேகரிப்போர்க்கெனத் தனிப்பெயரே உண்டு: ‘ஃபாபோஃபில்’, அதாவது கொட்டைப் பிரியர். மேற்குப் பிரான்சில் உள்ள பிளேன் என்னும் சிற்றூரின் அருங்காட்சியகத்தில் இப்பொம்மைகளைக் காட்சிக்கு வைத்துள்ளனர். பல் உடையும், தொண்டையில் சிக்கும் என்பதால் மெதுவாக மென்று உண்ணுமாறு கடைகள் எச்சரிப்பதும் உண்டு.

பொம்மைக்கு இத்தனை புகழ் வந்துவிட்டது. அதனினும் சிறந்த மற்றொரு வழக்கம் இருந்தது, அதுதான் அருகிவருகிறது. அப்பத்தை வெட்டும்போது கூடியிருப்போரின் எண்ணிக்கையைவிட ஒரு துண்டு மிகுதியாக வெட்டவேண்டும் என்பது பழைய மரபு. ஏழு பேர் இருந்தால் எட்டுத் துண்டு. அந்த மிகைத் துண்டுக்கு ‘ஏழையின் பங்கு’ என்று பெயர். ‘கடவுளின் பங்கு’ என்றும் சொல்வர். அன்று கதவைத் தட்டும் முதல் ஏழைக்கு அது உரியது. அவர் எந்த ஊரார், என்ன பெயரினர் என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய துண்டிலும் பொம்மை இருக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் அவர்தாம் அரசர்.

சில குடும்பங்கள் அப்பங்கை வீட்டை விட்டுத் தொலைவில் இருப்பவருக்கென எடுத்துவைத்தன. கடலுக்குச் சென்ற மகன், போர்முனைக்குச் சென்ற தந்தை, வேற்றூரில் பிழைப்புத் தேடிச் சென்ற உடன்பிறந்தான் ஆகியோருக்கு மேசையில் இருக்கை இல்லாவிட்டாலும் துண்டு உண்டு. மேசைக்கு அடியிலிருந்த பிள்ளை அவர்களின் பெயரையும் சொல்லியாக வேண்டும். அவ்வாறு பெயர் ஒலிக்கும்போது மேசையைச் சுற்றி இருந்தோர் ஒருகணம் அமைதியாகியிருப்பர் என்று எண்ணிப்பார்ப்பது கடினமன்று.

இன்றைய நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்வாயில் பூட்டியே இருக்கிறது. எண்களை அழுத்தினால்தான் திறக்கும். முன்பின் அறியாத ஏழை ஒருவர் ஐந்தாம் மாடிக்கு ஏறிவந்து கதவைத் தட்ட வழியில்லை. அடுமனையிலும் ‘நான்கு பேருக்கு’, ‘ஆறு பேருக்கு’ என்று அளவிட்டே அப்பம் விற்கிறார்கள். ஆறு பேருக்கு வாங்கிய அப்பத்தை ஆறாக வெட்டிவிடுகிறார்கள். பழைய மரபை மறவாத வீடுகளில் மட்டும் ஏழாவது துண்டு ஒன்று தட்டில் எஞ்சியிருக்கிறது. மறுநாள் காலை வரை அதனை யாரும் தொடுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. பொம்மையை அப்பத்தின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைப்பது ஏன்? படம் வரைந்து விளக்குக.

2. மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் உள்ளனர். பழைய மரபுப்படி எத்தனை துண்டுகள் வெட்டவேண்டும்? மிகுதியான துண்டு யாருக்கு உரியது?

3. மாவை ஏழாவது முறையும் மூன்றாக மடித்தால் எத்தனை அடுக்குகள் உண்டாகும்?

4. ‘எலிசே மாளிகை அப்பத்திலும் பொம்மை வைக்கவேண்டும்’ – ‘வைக்கக்கூடாது’. இரு அணியாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.

5. ஊரிலுள்ள தாத்தா, பாட்டி அல்லது பிற உறவினருடன் தொலைபேசியில் பேசுக. பண்டிகை நாள்களில் வெளியூரில் இருப்பவரை நினைத்து வீட்டில் என்ன செய்வார்கள் எனக் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பத்து வரிகளுக்குள் எழுதுக.